காலையில் அழுத அழுகை

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் காயில்காரிக்கு எல்லாச் சத்தமும் அரை நாள் பிந்திக் கேட்கத் தொடங்கியது. காலையில் அழுத அழுகை மாலையில் வந்தது. மாலையில் அடித்த காலிங் பெல் விடியும்போது வந்தது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் தொழில்; பெயர் வந்தது அதனால்தான். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால், பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவாள். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்தவளில்லை. தெருவில் இப்படி ஒன்று நடக்கும் என்றால், அவளுக்கு நடக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

குழந்தை வாயைத் திறப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் யாருடைய பிள்ளையோ அழுவதுபோல் இருந்தது. தொடலாமா என்று யோசிப்பதற்குள் புருஷன் வந்து தூக்கிவிடுவான். மாலையில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது காலை அழுகை வந்து வீட்டை நிறைக்கும். பதறிப்போய்த் தூக்குவாள். தூக்கம் கலைந்த குழந்தை சத்தமில்லாமல் வீறிடும். எது இப்போதைய பசி, எது ஏற்கெனவே தீர்ந்த பசி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டார் பழகிக்கொண்டார்கள். ரொட்டிக் கடையில் வேலை பார்த்த புருஷன் காலையில் கிளம்பும்போதே, "இந்நேரம் வரைக்கும் நீ சாப்பிட்டிருக்க மாட்டே, எழுந்து சாப்பிடும்மா" என்று மாலைக்கு வேண்டியதைச் சொல்லிவைத்துவிட்டுப் போனான். நாலு தெரு தள்ளியிருந்த நாத்தனார் காலையில் வந்து, "பெத்தவ மாதிரியா பாக்கறா? பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பாக்கறா" என்று போட்ட குத்தல், மாலையில் அதே நாத்தனாருக்கு டீ கொடுக்கும்போது வந்து சேர்ந்தது.

காது டாக்டர் காலையில் பரிசோதித்தார். பீப் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் தூக்கவில்லை. மாலை பஸ்ஸில் திரும்பும்போது பீப்கள் வந்தன. சொன்னபடி ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கினாள். இறங்கப் போகிறாள் என்று டிரைவர் ஒவ்வொரு முறையும் பஸ்ஸை நிறுத்தினார். "இறங்கறியாம்மா, இல்ல விளையாடறியா?" என்று கண்டக்டர் கத்தியது மறுநாள் காலையில் குளித்துக்கொண்டிருக்கும்போது கேட்டது. காதில் குறையில்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டில் எழுதியிருந்தது. "எனக்கா? நான் நல்லாத்தானே இருந்தேன்" என்று சொல்லி அவள் போகவில்லை.

ஒரு மாலை நாத்தனார், "குழந்தை கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சரியாக அதே நேரத்தில், "என் சட்டை காஞ்சிடுச்சா?" என்று புருஷன் காலையில் கேட்டது வந்தது. காயில்காரி ஆமென்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது தொட்டில் காலியாக இருந்தது. முந்தின மாலையின் அழுகை மட்டும் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. படுத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். மாலையில் விழித்தபோது, நன்றாகத் தூங்கியதே அவளுக்குப் பயமாக இருந்தது. அப்போது நாத்தனாரின் காலைக் குரல் வாசலில் கேட்டது: "அத்தை வீட்டுக்குப் போலாமா, கண்ணு? அம்மாதான் சரின்னுட்டாளே." குழந்தை அழுதது. அழுகை வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நகர்ந்தது. காயில்காரி செருப்புகூடப் போடாமல் அதன் பின்னால் போனாள். அது மருந்துக் கடை அருகே திரும்பியது, அவளும் திரும்பினாள். சைக்கிள் கடையில் சற்று நின்றது, அவளும் நின்றாள். நாத்தனார் வீட்டு வாசலில் அது ஓய்ந்தது.

கதவு திறந்தது. உள்ளே குழந்தை பாட்டில் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது.

"வேணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியல, அண்ணி. ஆனா குடுங்க" என்றாள் காயில்காரி.

"நீதானேடி தலையாட்டினே? நானா புடுங்கிட்டு வந்தேன்?" என்றாள் நாத்தனார். அது உடனே கேட்காது என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தாள். பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். அன்றிலிருந்து பல மாதம் தம்பி வீட்டிலேயே இருந்து, காயில்காரி தூங்குவதற்காகக் குழந்தையை முறை வைத்துப் பார்த்துக்கொண்டாள். குத்தலை மட்டும் விடவில்லை.

அந்த வாரமே காயில்காரி மனநல மருத்துவரிடம் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவின் கேள்விகள் அங்கே அவள் காதில் விழவில்லை. மாலையில் பாத்திரம் தேய்க்கும்போது கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் சுவரைப் பார்த்து உரக்கப் பதில் சொன்னாள். "அது அழறப்போ எனக்கு ஒண்ணுமே தோணல, டாக்டர். நான் இல்லாட்டி அது நல்லா வளரும்னு தோணுது." ரொட்டிப் பையோடு நின்ற புருஷன் அதை முதல் தடவையாகக் கேட்டான். ஆறுதல் சொன்னால் நாளைக்குத்தான் போய்ச் சேரும். அதனால் அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படிப் பிடித்திருந்தபோதே டாக்டரம்மா பேசியதும் வந்தது: "முன்னாடி எதுவும் இருந்திருக்கணும்னு இல்லம்மா. பிள்ளை பெத்த யாருக்கும் வரலாம். சரியாயிடும்." அவள் சுவரிடம் சொன்னதைப் புருஷன் மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அவளைத் தனியாக விடக் கூடாது என்றார்கள், வாரா வாரம் வரச் சொன்னார்கள்.

குழந்தையைத் தூக்கி வந்த அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று தெருவில் சொல்வார்கள். அப்படியில்லை. தாமதம் ஒரு வாரம் குறையும், மறு வாரம் காரணமில்லாமல் கூடும். சிரிப்பு சீக்கிரம் வந்து அழுகை பிந்தும் நாட்களும் உண்டு. ஏன் வந்தது, எப்போது விட்டது என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. குழந்தை தவழ்ந்தது, நின்றது. அவள் பட்டறைக்குத் திரும்பினாள். தாமதம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குக் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு வயதில் குழந்தை வாசலில் ஓடும்போது விழுந்தது. உள்ளே காயில்காரிக்கு ஒன்றும் கேட்கவில்லை, விழுந்தது மட்டும் கண்ணில் பட்டது. கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டு ஓடினாள். தூக்கி இடுப்பில் வைத்து முழங்காலை ஊதிவிட்டதும் குழந்தை சமாதானமாகி அவள் தோட்டைப் பிடித்து விளையாடத் தொடங்கியது. அப்புறம்தான் அழுகை வந்தது. அவள் அங்கேயே நின்று அதை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள்.