பாஞ்சாலையின் சம்மதம்

சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பாஞ்சாலை அதைச் சொன்னாள்.

“இந்தாய்யா, நான் முழுவாம இருக்கேன்.”

சின்னதம்பி குனிந்தபடியே நின்றுவிட்டான். பிடுங்கிய களை கையிலேயே இருந்தது. இதே சேதியை ஏற்கெனவே ஐந்து தடவை கேட்டவன் அவன். முதல் தடவை ஊரெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னான். இந்தத் தடவை கடைசிப் பிரசவம்தான் நினைவுக்கு வந்தது.

கடைசிப் பெண் பிறந்தபோது பாஞ்சாலைக்கு ரத்தம் நிற்கவே இல்லை. கம்பளியில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து, மலைமேல் இருக்கும் தங்கள் ஊரான மூங்கில்கொல்லையிலிருந்து அவளை அடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். வழியெல்லாம் தூளியின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டே போனதைப் பின்னால் நடந்த சின்னதம்பி பார்த்தான். அங்கே பார்த்த டாக்டர், இவள் பிழைத்ததே பெரிது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் இன்னும் பால் மறக்கவில்லை. பாஞ்சாலையின் முகமும் நகமும் வெளுத்துக் கிடந்தன. மேட்டில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது.

வேண்டாம் என்று சொன்னார்களே தவிர, வேண்டாமென்றால் என்ன செய்வது என்று சொல்ல மலையில் ஆள் இல்லை. எமர்ஜென்சிக் காலத்தில் ஜீப் வந்தது. ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்புகிறார்கள் என்று ஒரே பேச்சு. சின்னதம்பி மற்றவர்களோடு மூங்கில் காட்டுக்குள் ஓடி ஒளிந்தான். அது முடிந்து ஐந்து வருஷமாகிவிட்டது. துரத்திக்கொண்டு வந்தவர்கள் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் சகுந்தலா என்று ஒரு நர்ஸம்மா மாசாமாசம் மலையேறி வந்து, பிள்ளை தங்காமலிருக்க மாத்திரை கொடுத்தாள். பாஞ்சாலையும் வாங்கிச் சாப்பிட்டாள். நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தது, அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. மருந்துக்கடையில் அந்த மாதிரி மாத்திரை கிடைத்தது. ஆனால் அதை மாசாமாசம் வாங்கினால் வீட்டுக்கு உப்பு மிளகாய் வாங்க முடியாது. நிரோத் உறை கேட்கலாம் என்று கடைக்குப் போன சின்னதம்பி, அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு பீடிக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

இப்போது கொல்லையில் நின்றபடி அவன் மெதுவாகச் சொன்னான்: “சாந்தம்மாள் கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமா?”

சாந்தம்மாள் ஊரில் பேறு பார்க்கிறவள். எருக்கங்குச்சி வைத்துக் கருவைக் கலைக்கவும் தெரிந்தவள். பாஞ்சாலை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“போன பங்குனியில என் தங்கச்சிக்கு அந்தக் குச்சிதான வெச்சாங்க? சீழ் புடிச்சி அவ செத்த வூட்டு நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்குது. சாந்தம்மாள நான் குத்தம் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். நான் கீழ போறேன்யா. ஆஸ்பத்திரியிலயே பண்றாங்க, அதுக்குச் சட்டமே இருக்குதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்குது.”

“ஆஸ்பத்திரிக்கா? புடிச்சி வெச்சி இன்னா பண்ணுவானுங்களோ.”

“நீ வரலன்னா நான் தனியாப் போறேன்.”

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மங்கம்மாளிடம் விட்டுவிட்டு விடிகாலையில் கிளம்பினார்கள். பாஞ்சாலை பாறைக்குப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். திரும்பிப் போகலாமா என்று அவன் கேட்டபோதெல்லாம் அவள் எழுந்து நடந்தாள்.

அடிவாரத்தில் முதலில் போன ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “கலைக்கணும்னா கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிக்கணும். ரெண்டும் சேர்த்துத்தான்” என்றான்.

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் சின்னதம்பியின் கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. பாஞ்சாலை அசையவில்லை.

“எனக்கு ஒடம்புல ரத்தமே இல்லன்னு சொல்றாங்களே சார். அந்த ஆபரேஷன இப்ப தாங்குவேனா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இஷ்டம்னா இரு, இல்லன்னா எடத்தக் காலி பண்ணு.”

“தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க சார், கேக்கறேன்.”

டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றான். எப்போது வருவார் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாஞ்சாலை வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைச் சின்னதம்பி பார்த்தான். உள்ளே நடந்த பேச்சைக் கேட்டபடி குழந்தைக்கு ஊசி போடக் காத்திருந்த ஒரு பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் பெயர் ஷம்ஷாத், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவள்.

“அழுவாதம்மா. எங்க ஊர்ல பத்ருன்னிசாம்மா ஆஸ்பத்திரி இருக்குது. கலைக்கறதுக்கு சர்க்கார் பர்மிஷன் வாங்கின எடம். புள்ளைக்கு ஊசி போட்டதும் பஸ் ஏறுவேன், கூட வாங்க” என்றாள்.

டாக்டர் பத்ருன்னிசா தலையில் முக்காடு போட்டு, கண்ணாடி அணிந்த நடுவயதுக்காரி. பாஞ்சாலையின் கண் இமையை இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சின்னதம்பியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். நடுவில் ஒரு துணித் திரைதான் இருந்தது. உள்ளே பேசியது அத்தனையும் அவன் காதில் விழுந்தது.

“யாரு சொல்லி வந்தீங்க? வூட்டுக்காரர் சொன்னாரா, மாமியார் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலம்மா. நான்தான் அவரக் கூட்டியாந்தேன்.”

“நல்லா யோசிச்சீங்களா? பண்ண பெறகு ஐயோன்னா என்னால திருப்பித் தர முடியாது.”

பாஞ்சாலையின் குரல் வந்தது.

“அஞ்சு பெத்தவம்மா நானு. வயித்துல இருக்கறது கல்லா மண்ணா, எனக்குத் தெரியாதா? வரும்போது வழியெல்லாம் அதுங்கிட்டதான் பேசிக்கினு வந்தேன். ஒன்னப் பெத்துட்டு நான் போய்ட்டா ஒன்ன யாரு பாப்பாங்க, மேல இருக்கற அஞ்ச யாரு பாப்பாங்கன்னு கேட்டேன். அது இன்னா பதில் சொல்லும்? நான்தான சொல்லணும். பாவம்னா என் தலையில இருக்கட்டும்மா. என் புள்ளைங்க தலையில வேணாம்.”

பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவளை, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒருத்தியைப் போல சின்னதம்பி கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு பேச்சு இவளிடம் இருந்ததா? வழியெல்லாம் மூச்சு வாங்க வந்தவள், உள்ளுக்குள் இதையா சுமந்துகொண்டு வந்தாள்?

“எனக்கும் இது மனசுக்கு லேசான வேல இல்ல” என்றார் டாக்டர். “எங்க வூட்டுலயே, இத ஏன் பண்றேன்னு கேக்கறவங்க இருக்காங்க. அவங்க கேக்கறதும் நியாயம்தான். ஆனா குச்சி வெச்சி, சீழ் புடிச்சி, கடைசி நேரத்துல வந்து இந்தக் கட்டில்ல செத்தவங்க மூஞ்சிய நான் பாத்திருக்கேன். ஒங்க ஒடம்பு இன்னொரு பிரசவம் தாங்காது. பண்றேன்.”

சின்னதம்பி எழுந்து திரையை விலக்கினான். “கைநாட்டு எங்கம்மா வெக்கணும்?”

“ஒங்க கைநாட்டு வேணாம்பா. அவங்க சம்மதம் போதும். சட்டம் அப்படித்தான்.”

நீட்டிய கட்டைவிரலை அவன் மடக்கிக்கொண்டான். முதலில் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்தபோது, இந்த முடிவுக்கு அவள் ஒருத்தி போதும் என்பது நியாயமாகவே பட்டது. பயப்பட்டதைத் தவிர அவன் வேறென்ன செய்தான்?

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்து, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கிளம்பும்போது பாஞ்சாலை டாக்டரிடம், இனி என்ன வழி என்று கேட்டாள்.

“காப்பர் டி வெச்சா ஒங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமாவும். பொம்பளைக்குப் பண்ற பெரிய ஆபரேஷன் இந்த ஒடம்புக்கு இப்ப வேணாம். மாத்திரை தர்றேன், தீர்றதுக்குள்ள வந்து வாங்கிக்கோங்க.” டாக்டர் கொஞ்சம் தயங்கி, சின்னதம்பி பக்கம் திரும்பினார். “ஆம்பளைக்குப் பண்றது ரொம்பச் சின்ன வேல. அன்னைக்கே எழுந்து போய்டலாம். யாரும் புடிச்சிட்டுப் போய்ப் பண்ணக் கூடாது, நானும் சொல்லல. இருக்குதுன்னு மட்டும் சொல்றேன்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் பாஞ்சாலை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஊரில் சேதி அவர்களுக்கு முன்பே மலையேறிவிட்டது. அந்த வாரமே ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கோபால்சாமி மாரியம்மன் கோயிலெதிரே ஊரைக் கூட்டினார். கோபால்சாமி கெட்ட மனுஷர் இல்லை. எமர்ஜென்சியில் ஆண்களை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு அதிகாரிகள் அவரை வெயிலில் மண்டியிட வைத்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த முழங்கால் வலி இன்னும் போகவில்லை. அதனால் அவர் பேசினால் ஊர் கேட்கும்.

“நம்ம வம்சத்த அறுக்கணும்னு வந்தானுங்க. ஒங்க புருஷனுங்கள நான் காபந்து பண்ணேன். இப்ப நம்மூட்டுப் பொம்பளயே தேடிப் போய் உள்ள இருந்தத அழிச்சிட்டு வந்திருக்குது. இதுக்கு இன்னா அர்த்தம்? மனுஷனத்தான் வுடு, அம்மன் சும்மா இருக்குமா?”

பாஞ்சாலை எழுந்து நின்றாள். ஊர் கூடிய இடத்தில் பெண் எழுந்து பேசும் வழக்கமில்லை. யாரோ உட்காரச் சொன்னார்கள். அவள் கடைசிப் பெண்ணை இடுப்பில் சரியாக இருத்திக்கொண்டாள்.

“நீங்க பட்ட அடி எனக்குத் தெரியும் கவுண்டரே. அந்த நன்றி என்னைக்கும் இருக்குது. அவனுங்க பண்ணது அக்கிரமம். ஏன் அக்கிரமம்? நம்மள ஒரு வார்த்த கேக்கல. நம்ம ஒடம்பு, நம்ம குடும்பம், அவனுங்க பாட்டுக்கு முடிவு பண்ணானுங்க. நீங்க மட்டும் இப்ப என்னக் கேட்டீங்களா? ஏன் போன, இன்னா கஷ்டம்னு கேட்டீங்களா? என் தங்கச்சி செத்தப்ப இந்த ஊர் கூடல. அது குச்சி வெச்சிச் செத்தா யாருக்கும் அம்மன் ஞாபகம் வரல. நான் உசுரோட திரும்பி வந்ததுக்குத்தான் கூட்டம் போடறீங்க.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சின்னதம்பி எப்போதும் ஊர்க் கூட்டத்தில் கடைசியில் உட்காருகிறவன். அன்று எழுந்து முன்னால் வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றான்.

“ஜீப்பு வந்தப்ப நான் மூங்கில் காட்டுல ஒளிஞ்சேன். நம்ம எல்லாரும் ஒளிஞ்சோம். இவளுக்கு ஒளியறதுக்கு எடமே இல்லன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. அம்மனுக்குக் கோவம் இருந்தா என் மேலயும் இருக்கட்டும்.”

கோபால்சாமி வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், இந்த வருஷம் அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பாஞ்சாலை வர வேண்டாம் என்றார். வேறு தண்டனை எதுவும் சொல்லவில்லை.

அது சின்னத் தண்டனை இல்லை. பொங்கல் அன்று தாரை தப்பட்டை கேட்கும்போது பாஞ்சாலை வீட்டுக்குள் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியதைப் பார்த்த சின்னதம்பி தானும் கோயிலுக்குப் போகவில்லை. முறத்தை வாங்கி அவன் புடைத்தான்.

ஆனால் அதற்குள் பெண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்கு வர மாட்டார்கள். விறகு பொறுக்கும் இடத்தில், ஓடையோரத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். மாத்திரை வாங்கினால் தலை சுற்றுமா? பால் வற்றிவிடுமா? தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்டு வந்து சொன்னாள். பிறகு அவளே பெண்களைச் சேர்த்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி, சுகாதார ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். இலவச மாத்திரையும் ஒரு நர்ஸும் மலைக்கு வர வேண்டும் என்று கேட்டாள். இன்று போய் நாளை வா என்றார்கள். போனார்கள், மறுபடி வந்தார்கள். சலித்துப்போன அதிகாரி கடைசியில் ஒரு நர்ஸை மலைக்குப் போட்டார். இறங்கிப் போன கூட்டத்தில் சாந்தம்மாளும் இருந்தாள் என்பதைச் சின்னதம்பி எல்லாரிடமும் சொல்லி ஆச்சரியப்பட்டான்.

புளி உலுக்கி முடிந்த மாசி மாசத்தில் ஒரு நாள் அவன் பாஞ்சாலையிடம், “நாளைக்கு வாணியம்பாடி போலாம், வர்றியா?” என்றான்.

“எதுக்கு?”

“எனக்குத்தான்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “நான் ஒன்னக் கேக்கலியேய்யா.”

“கேக்கல. அதான் போறேன்.”

டாக்டர் சொன்னபடியே அது சின்ன வேலையாகத்தான் இருந்தது. பிடித்துத் தள்ளுவதற்கு அங்கே யாருமில்லை. பயமாக இருந்தால் இப்போதுகூட எழுந்து போகலாம் என்று கம்பவுண்டர் ஒருவர் சொன்னார். அவன் போகவில்லை. திரும்பும்போது சந்தையில் வாங்கிய சாமான் மூட்டையை வழக்கம்போல் தலையில் ஏற்றப் போனான். பாஞ்சாலை அதைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மலைப்பாதையில் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் எதிரே இறங்கி வந்தார்கள். பெண்டாட்டி மூட்டை சுமக்க, புருஷன் கையை வீசிக்கொண்டு வருவதைப் பார்த்து ஒருவன் கேலி பண்ணினான். “இன்னா சின்னதம்பி, தொர மாதிரி வர்ற?”

சின்னதம்பி சிரித்து மழுப்பப் பார்த்தான். பாஞ்சாலை நின்றாள். இத்தனை மாசமாக மாத்திரையும் கீரையும் தின்று தேறிய உடம்பு, மூச்சு வாங்கவில்லை.

“அவரு ஆபரேஷன் பண்ணிக்கினு வர்றாரு. பாரம் தூக்கக் கூடாது” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாஞ்சாலை தலைநிமிர்ந்து முன்னால் நடந்தாள். சின்னதம்பி பின்தொடர்ந்தான். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். அந்த ஆட்களில் ஒருவனான சிங்காரம், நாலு பிள்ளைக்காரன், வேகமாக மேலேறி வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வந்து, பாஞ்சாலைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“வலிச்சிதா?”