சுறாவின் கோளாறுகள்

கடலூர் முதுநகரில் மெக்கானிக் விஜயகுமாரைத் தினமும் காலையில் தெருவில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறார்கள். வெயில் காலத்தில் ஒருவர் போதும், மழைக்காலத்தில் நாலு பேர் வேண்டும். எழுப்பினால் எழமாட்டான், நிமிர்த்தி நிறுத்தி, முதுகில் கைகொடுத்துத் தள்ள வேண்டும். டீக்கடையைத் தாண்டும்போது உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கும், கண் திறக்கும், பிறகு அன்றைக்கு மறுபடி தள்ள வேண்டியதில்லை. எங்களுக்கு இது பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள்தான் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களையும் ஒரு கை போடச் சொல்வோம்.

இதற்கெல்லாம் காரணம் சுறா. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி பூவராகனின் அப்பா எந்தக் காலத்திலோ வாங்கிய அமெரிக்கக் கார் அது. பின்பக்கம் இரண்டு துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். கம்பெனித் தகடு உதிர்ந்துபோய் வேறு பெயர் யாருக்கும் தெரியாது. கோழிகள் குடியிருந்த அந்தக் காரை, மகள் ஸ்ரீமதியின் கல்யாணத்தன்று சிதம்பரம் வீதியில் ஓட்டியே தீருவேன் என்று பூவராகன் லாரியில் ஏற்றி விஜயகுமாரிடம் அனுப்பினார். அழைப்பிதழில் பிள்ளையாருக்குக் கீழே காரின் படத்தைப் போட்டிருந்தார். மாப்பிள்ளை படம் அதற்கும் கீழேதான்.

விஜயகுமார் முதலில் ஸ்டார்ட்டரைப் பிரித்தான். சாவியைத் திருப்பினால் கிழவர் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதோடு சரி. அமெரிக்க நட்டுக்கு நம்மூர் ஸ்பேனர் சேராது; இஞ்ச் அளவு ஸ்பேனரைத் தேடிப்பிடித்து, உள்ளே தேய்ந்துபோன கார்பன் கட்டையை மாற்றி, கடைசி நட்டை முடுக்கினான். சுறா உறுமிக்கொண்டு கிளம்பியது. மறுநாள் காலை விஜயகுமார் கிளம்பவில்லை. அடுத்த கோளாறு சூடு. வண்டி சூடேறினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி இன்ஜின் நின்றுபோகும். அதையும் சரிசெய்தான்; அன்றிலிருந்து உச்சி வெயிலில் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடுவான், தலையில் ஈரத்துணி போட்டால்தான் நகர்வான். மூன்றாவது ஹாரன், ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் தானாக அலறும். அதைச் சரிசெய்தபோது கடைசித் திருகை முறுக்கியவன் விஜயகுமாரின் மச்சான் அறிவழகன். இன்றைக்கும் அவன் இடது பக்கம் திரும்பினால் ‘பாம்’ என்று கத்துகிறான். அப்போதுதான் விஷயம் விளங்கியது. சுறாவின் கோளாறு ஒழிவதில்லை, கடைசி நட்டை முடுக்குகிறவர் மேல் ஏறிக்கொள்கிறது.

மிச்சமிருந்தது பிரேக். பெடலை அமுக்கினால் தரைவரை போகும், வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நாலு சக்கரத்திலும் ரப்பர் கரைந்து எண்ணெய் கசிந்தது. கை பிரேக் மட்டும் ஒழுங்காக இருந்தது. அதை நம்பிக் கூட்டத்துக்குள் போக முடியுமா? இதைச் சரிசெய்தால் தன் கதி என்ன என்று விஜயகுமார் கணக்குப் போட்டுப் பார்த்தான். அதைப் பூவராகனிடமே சொன்னான்.

“நடக்க ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேன் மொதலாளி. கெழக்கால பாத்து நடந்தன்னா கடல்தான்.”

“ஊரு பூரா பத்திரிக குடுத்தாச்சிப்பா. எம்பொண்ணு பிரேக் இல்லாத வண்டியில ஏறணுமா?” என்றார் பூவராகன். அப்படியானால் நீங்களே முடுக்குங்கள் என்றதற்கு, தனக்குக் கை நடுங்கும் என்றார். அறிவழகனைக் கேட்டார்கள். அவன் இடது பக்கமாகத் திரும்பி ஓடியது தெருவுக்கே கேட்டது.

விஜயகுமாரின் மனைவி குணசுந்தரி துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவள். விலையை ஏற்றிக்கொண்டே போகும் அவள் குரல் எங்கே நிற்கிறதோ அதுதான் விலை என்பது அங்கே வழக்கம். வியாபாரிகள் கமுக்கமாக நிற்பார்கள். அவள் மூச்சு வாங்கிய நொடியில் அந்த விலைக்கே கூடையைத் தூக்கிவிடுவார்கள். மனுஷப் பிறவி மூச்சு வாங்காமல் இருக்க முடியுமா? படகுக்காரர்கள் வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசித் திருகு யாருக்கு என்று முடிவாகாமலே வேலை நடந்தது. ரப்பர் எல்லாம் மாற்றியான பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். குணசுந்தரி மிதித்தாள். குமிழி குமிழியாக வந்த காற்று ஓய்ந்தது. கடைசித் திருகில் ஸ்பேனரை வைத்த விஜயகுமாரின் கை அசையவில்லை. அவள் இறங்கிவந்து, பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்ற பூவராகனை இழுத்து சீட்டில் உட்காரவைத்து, “நீங்க மிதிங்க” என்றாள். பிறகு காருக்கு அடியில் நுழைந்தாள்.

“நவுரு மாமா. ஸ்பேனர இப்பிடி குடு.”

“வேணாம் குணா, ஒம்மேல ஏறிக்கும்.”

“ஏறட்டும். நிக்கிறதாலதான் எம்பொழப்பே போவுது.”

மறுநாள் அவள் ஒரு கூடை மலிவான கவலை மீனுக்கு வாயைத் திறந்தாள். விலை ஏறியது. மூச்சே வாங்காமல் ஏறிக்கொண்டே போனது. வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு வியர்த்தார்கள், கடைசியில் கும்பிட்டார்கள். வெயில் ஏறியும் அவளுக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் ஈரத்துணியோடு ஓடிவந்த விஜயகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது: ஏறியது கால் பிரேக்கின் கோளாறு, கை பிரேக் என்றைக்குமே கெடவில்லை. அவளுடைய இடது கையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவன் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சுறா சிதம்பரம் கீழவீதியில் ஊர்வலம் போய், மண்டபத்து வாசல் கோலத்தில் ஒரு புள்ளியைக்கூட மிதிக்காமல் நின்றது. பூவராகன் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் காரைக் கும்பிட்டார்.

இப்போதெல்லாம் காலையில் குணசுந்தரியே அவனைத் துறைமுகம்வரை தள்ளிக்கொண்டு போகிறாள், போகிற வழிதானே. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். நியாயமான விலை வந்ததும் அவள் ஒரு பார்வை பார்க்கிறாள், அவன் இழுக்கிறான். படகுக்காரர்கள் யாரும் வேறு ஆள் தேடவில்லை. மழை நாட்களில் மட்டும் விஜயகுமார் லேசில் கிளம்பமாட்டான். அவனை வாசலில் நிறுத்திவிட்டு அவள் முன்னால் போய்விடுவாள். அன்றைக்குக் கவலை மீன் வஞ்சிரம் விலைக்குப் போய்விடும். வியாபாரிகள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவனைத் தள்ள வருகிறார்கள்.