முதல் இரை

முப்பது வருஷமாகக் கடலில் மீன் பிடித்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை மீன் என்றால் வலையில் வருவது, எடையில் ஏறுவது, அவ்வளவுதான். அதனால், கொடுவா மீன் குஞ்சு வளர்த்துக் கடலில் விடும் பண்ணையில் மனைவி தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. உங்க மேடம் கடல்லயே கொட்டப் போறாங்களா?"

"நீங்க எல்லாரும் அளக்காம அள்ளுனதுக்குத்தான் அவங்க கொட்டுறாங்க."

நல்ல கொடுவா ஒன்று வலையில் விழுந்து எத்தனை மாதமாயிற்று என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

ஒரு நாள் காலை படகைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். பின்னாலேயே பண்ணையை நடத்தும் மேடம், காலில் செருப்புகூட இல்லாமல்.

குஞ்சு பொரித்து அன்றோடு மூன்றாம் நாள். வயிற்றோடு கொண்டுவந்த மஞ்சள்கரு தீர்ந்து, அப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. பார்த்து அந்த நேரத்தில், இரைக்கென்று தொட்டியில் வளர்த்திருந்த நுண்ணுயிர் முழுக்கச் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு லட்சம் குஞ்சுங்க," என்றார் மேடம். "இன்னிக்கு இரை கிடைக்கலைன்னா நாளைக்கு நீந்தவே தெம்பிருக்காது. அந்த இரை கடல்லயும் இருக்கு. அள்ள மெல்லிசு வலை இருக்கு. படகும் இல்ல, இடமும் தெரியாது."

அவர் கழுவுவதை நிறுத்திவிட்டு ஆற்று வாய்ப் பக்கம் பார்த்தார்.

"நெத்திலி கூடுற இடத்துல அதுக்குத் தீனி இருக்கணும்ல? ஏறுங்க."

ஆறு கடலில் சேரும் இடத்தில் படகை ஊர்வதுபோல ஓட்டினார். துணி மாதிரியான அந்த வலை இரண்டு மணி நேரம் பின்னால் இழுபட்டு வந்தது. ஏற்றிப் பார்த்தால் நான்கு வாளி கலங்கல் தண்ணீர். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"வெறும் தண்ணிதாங்க மேடம்."

பண்ணைக்குப் போனதும் மேடம் சல்லடையில் பெரியதையெல்லாம் கழித்துவிட்டு, ஒரே ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்.

"வந்து பாருங்க."

அவர் குனிந்தார். அந்தச் சொட்டு கொதித்துக்கொண்டிருந்தது. சுழல்வது, துள்ளுவது, மயிர் போன்ற கால்களால் துழாவுவது என்று ஒரு சந்தையே அதற்குள் நடந்தது. இத்தனை காலம் இதன் மேலேதான் படகு ஓட்டினோமா?

இரையைத் தொட்டிகளில் ஊற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து மனைவி ஒரு குஞ்சைச் சொட்டுத் தண்ணீரோடு எடுத்து வைத்தாள். வெறுங்கண்ணுக்கு இமைமயிரில் ஒரு துணுக்கு. கண்ணாடிக்குக் கீழேயோ உடம்பெல்லாம் ஊடுருவித் தெரிந்தது. இரண்டு கருங்கண்கள். அவற்றுக்குப் பின்னால், அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு இதயம். வயிற்றுக்குள் ஏதோ ஒரு புள்ளி அசைந்தது.

"தின்னுருச்சுங்க!" என்று மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க கொண்டாந்ததைத்தான் தின்னுருக்கு!"

ஆயிரக்கணக்கான மீன்களின் வயிற்றைக் கிழித்தவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னொண்ணு பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நுண்ணுயிர்த் தொட்டி மறுபடி தேறும்வரை ஆறு நாளும் அவரே போய் அள்ளி வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு மாதத்தில் விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றவை இருபதாயிரம்தான்.

"மத்ததெல்லாம் போச்சா?" என்றார் மனசு பொறுக்காமல்.

"கடல்ல பொரிஞ்சிருந்தா, ரெண்டு லட்சத்துல பத்து தேறுறதே பெரிசு," என்றார் மேடம்.

பத்து! அப்படியானால் இதுவரை அவர் வலையில் விழுந்த ஒவ்வொரு மீனும் எவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறது!

விடுகிற நாளில் தொட்டிகள் அவர் படகிலேயே ஏறின. கடலோடு சேரும், அலை அடிக்காத ஓடையில் பெரிய தொட்டியைச் சாய்த்தார்கள். குஞ்சுகள் வெள்ளியைக் கொட்டினாற்போல் சரிந்து விழுந்து கலைந்தன. மறுகணமே, யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல, அத்தனையும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையைத் திருப்பி வரிசையாக நின்றன. ஓட்டம் என்பதையே அறியாத தொட்டியில் வளர்ந்தவை!

"யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?" என்றார் அவர். மேடத்துக்கும் தெரியவில்லை.

கொத்துக் கொத்தாக அவை பச்சை நீருக்குள் மறைந்தன. காலித் தொட்டிகளை அடுக்கிவிட்டு மனைவி நிமிர்ந்தாள்.

"என்னங்க, இன்ஜினப் போடலாமா?"

"இரு," என்று அவர் துடுப்பைக் கையில் எடுத்தார். "படகுக்கு அடியில இன்னும் கொஞ்சம் குஞ்சுங்க நிக்குது."