கடைசித் தரம்

கணவர் சண்முகநாதன் வாசலில் பனி தள்ளப் போனதும் ஞானேஸ்வரி மாடிக்கு ஏறி ஒவ்வொரு யன்னலாகத் திறந்தாள். படுக்கையறை, மகனின் பழைய அறை, குளியலறை. தை மாதக் குளிர் திரைச்சீலைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கீழே இறங்கிச் சமையலறை யன்னலையும் திறந்தாள். அவர் கண்டுவிடுவாரோ என்று பாதி சாத்தினாள். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. திரும்பவும் மாடிக்குப் போனாள்.

வீட்டை வாங்க வந்த சுவிஸ் சோடி ஆற்றல் சான்றிதழ் கேட்டிருந்தது. அதற்காக வீட்டைச் சோதிக்க அன்று ஆள் வர இருந்தது. வீடு எவ்வளவு வெப்பத்தைத் தின்கிறது என்று பார்த்து ஏ முதல் ஜீ வரை ஒரு தரம் போடுவார்கள். ஜீ கடைசி. அது வந்தால் அவர்கள் பயந்து விலகிவிடுவார்கள் என்று ஞானேஸ்வரி தனக்குள் முடிவு செய்திருந்தாள். வீடு விற்றால் சித்திரையில் யாழ்ப்பாணம். அங்கே சண்முகநாதன் மாபிள் பதித்து ஒரு பெரிய வீடு கட்டி முடித்திருந்தார். ஓய்வூதியத்தோடு ராசா மாதிரி இருக்கலாம் என்று சுவிஸிலுள்ள திரிம்பாக் ஊர்க் கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அவள் அருகில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சில நாள் அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஆனால் புதன்கிழமைகளில் நீச்சல் குளத்துக்குத் தனியே பஸ் ஏறும்போது, ஐம்பது வயதுக்குப் பிறகு நீந்தப் பழகிய உடம்பு தண்ணீரில் பாரமில்லாமல் கிடக்கும்போது, கோயிலில் நின்று சிரித்தது யார் என்று இருக்கும். மாபிள் வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கும் தன்னை நினைத்துப் பார்க்கவே அவள் விரும்பவில்லை. இதை அவரிடம் சொல்ல ஒரு வசனம் தேடித் தேடியே மாதங்கள் போயின. கடைசியில், வீடே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

சோதிக்க வந்தவள் கோபிஷா, இங்கேயே பிறந்து பொறியியல் படித்த பெண். பெயரைக் கேட்டதும் சண்முகநாதனுக்கு முகம் மலர்ந்தது.

“எங்கட பிள்ளைதானே. பாத்து ஒரு சீ தரம் போட்டுவிடும்.”

“போடுறது நான் இல்லை அங்கிள், கொம்பியூட்டர்.”

“கொம்பியூட்டருக்கு நீர்தானே சொல்லிக் குடுக்கிறீர்.”

அவள் சிரித்தபடி எண்ணெய்க் கொதிகலனைப் பார்க்க நிலவறைக்கு இறங்கினாள். அவர் பழைய எண்ணெய் பில்களைத் தேடி மாடிக்குப் போனார்; திறந்து கிடந்த யன்னல்களை, வீடு காற்றாட அவள் திறந்தது என்று எடுத்துக்கொண்டார். கோபிஷா திரும்பி ஏறி வரும்போது ஞானேஸ்வரி படியில் மறித்துக்கொண்டாள்.

“பிள்ளை, வீடு சரியான குளிர். கண்டனீரோ?”

“யன்னல் எல்லாம் திறந்து கிடக்கு அன்ரி.”

“இதுக்கு ஜீதானே வரும்?”

கோபிஷா கையிலிருந்த சின்ன விளக்கை அணைத்தாள். “விக்கிற ஆக்கள் ஒருத்தரும் என்னட்ட ஜீ கேட்டதில்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “யன்னலைத் திறந்தா ஒண்டும் மாறாது அன்ரி. சுவர், கூரை, பொயிலர், இதுகள்தான் கணக்கு. உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டது வராது.”

“வராதோ?”

“வராது. ஜீ வந்தாலும் விலையைக் குறைச்சுக் கேட்டு வாங்குவினம். பிறகு உடைச்சுக் கட்டுவினம்.” மேலே அலுமாரி இழுபடும் சத்தம் கேட்டது. “உங்களுக்கு விருப்பமில்லையெண்டா அங்கிளிட்டச் சொல்லுங்கோ. ரெண்டு பேற்ற பேரிலதானே வீடு. நீங்கள் கையெழுத்து வைக்காட்டி அவர் விக்கேலாது.”

ஞானேஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டின் தலையில் ஏற்றி வைத்திருந்ததை இந்தப் பெண் சாவகாசமாக இறக்கி அவளிடமே தந்துவிட்டாள். யன்னல்களைச் சாத்தப் போனாள். ஒன்றைச் சாத்திவிட்டு, சாத்தினோமா என்று மறுபடி போய்த் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே அவர் தள்ளிய பாதையில் மறுபடி பனி விழுந்துகொண்டிருந்தது. மாட்டேன் என்பது ஒரு சொல்தான். அதை இந்த வீட்டுக்குள் எந்த அறையில் நின்று சொல்வது என்று தெரியவில்லை.

வேலை முடிந்து கோபிஷா மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். வீட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி என்று உரிமையாளர்கள் இருவரும் ஒப்பமிட வேண்டும். சண்முகநாதன் மளமளவென்று வைத்துவிட்டுக் கடைசித் தாளை மனைவி பக்கம் திருப்பி, கோட்டின் மேல் சுட்டுவிரலை ஊன்றினார். இங்குள்ள வங்கியிலும் கிராமசபை அலுவலகத்திலும் அவர் விரல் காட்டிய இடத்தில்தான் அவள் பெயர் விழுந்திருக்கிறது.

“இதில வையுமப்பா. பிள்ளை போகவேணும்.”

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “வாசிச்சிட்டு வைக்கிறன்.”

“இதில என்ன வாசிக்கக் கிடக்கு? அடுத்த கிழமை காணி பதியிற கந்தோரில இதைவிடப் பெரிய கட்டுத் தருவாங்கள்.”

“அதையும் வாசிப்பன்.”

“வாசிச்சு?”

கோபிஷா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானேஸ்வரி தாளை மெல்ல இழுத்தாள். அவருடைய விரல் தாளின் விளிம்பு வரை வழுக்கி வந்து, வெறும் மேசையில் ஊன்றி அப்படியே நின்றது. அவள் முதல் தாளை எடுத்து, முதல் ஜேர்மன் சொல்லின் கீழ் தன் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.