மேரு மெஷினில் ஓடும் 2.4

நாளை ஆடிட். கிள்ளான் பக்கம் மேருவில் அரிசி மூட்டை கட்டும் தொழிற்சாலையின் எடை மெஷினில் எங்கள் மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் பெயரும் இருக்க வேண்டும். அது என் பெயர் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. பெயர் தவறான இடத்தில் விழுந்தால் ஆகப்போவதும் இல்லை.

எங்கள் நிரல் தொகுப்பில் 2.4 என்ற டேக், அதாவது பெயர்ச்சீட்டு, இருந்தது. ஆனால் லைட்வெயிட் டேக். மாலை வகுப்பில் போன வாரம்தான் படித்தேன்: அது ஒரு கமிட்டின் மேல், அதாவது நிரலைச் சேமித்த ஒரு நிலையின் மேல், ஒட்டிய வெறும் பெயர். யார் ஒட்டினார், எப்போது, ஏன் என்று எதுவும் தங்காது. அனோட்டேட்டட் டேக்கில் மூன்றும் தங்கும். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகத்தில் கட்டளையை மறுபடியும் அடித்தேன். டேக்கைப் பற்றிக் கேட்டால், கமிட்டைப் பற்றித்தான் பதில் வந்தது.

"அதே கமிட்ல உன் பேர்ல அனோட்டேட்டட் போட்டுடு இந்துஜா. முடிஞ்சிதுலா," என்றார் சீனியர் ஆஷிக்.

மேருவில் இருப்பது இதே கமிட்தானா என்று கேட்டேன்.

"வேற என்ன இருக்கும்? மெஷின்கிட்ட போய் ஐசி கார்டு கேக்கப் போறியா?"

நானும் சிரித்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், நிறைந்திருந்த தண்ணீர்ப் புட்டியை மறுபடி நிரப்பப் போனேன். பிறகு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, லேப்டாப்புடன் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயில் ஏறினேன். ஷா ஆலமில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. கிள்ளானில் இறங்கி, வண்டி பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனேன்.

பதிப்பு எண், மெஷினை அணைத்துப் போடும்போது மட்டும்தான் தெரியும். லைன் சூப்பர்வைசர் குமுதா அக்கா டீ நேரம் வரை நிறுத்த முடியாது என்றார். உட்காரச் சொன்னார், முடியவில்லை. மூட்டைகள் வரிசையாக நகர்வதைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

டீ நேரத்தில் அணைத்துப் போட்டார். திரையில் 2.4. வீணாக வந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. அதன் கீழே, பொடி எழுத்தில், எண்ணும் எழுத்தும் கலந்த கமிட் எண். படம் பிடித்து, லேப்டாப்பில் இருந்ததோடு ஒப்பிட்டேன். வேறு எண்.

ஆஷிக்கை அழைத்து எண்ணைப் படித்தேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"அது இன்ஸ்டால் பண்ணப்ப இருந்த 2.4. அப்புறம் காலிப் பை எடைய கழிக்காத பிழைய சரி பண்ணேன். டேக்க அங்க நகர்த்திட்டேன் போல. புதுசு மேருவுக்குப் போகல."

அப்படியென்றால் இத்தனை நாள் பையின் எடையும் அரிசிக் கணக்கில் போயிருக்கிறது.

"புதுசுக்கே உன் பேர போட்டுடு," என்றார், குரலைத் தாழ்த்தி. "நான் இப்பவே வந்து இன்ஸ்டால் பண்ணிடறேன். நாளைக்கு வரவங்களுக்கு என்ன தெரியும்?"

அது நடக்கக்கூடியதுதான். போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வாங்கண்ணே. புதுசுக்கு நீங்களே உங்க பேர்ல போடுங்க. இதுவரைக்கும் ஓடினதுக்கு நான் தனியா போடறேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

பழைய கமிட்டில் அனோட்டேட்டட் டேக் ஒன்றைத் திறந்து, செய்தி எழுதினேன்: 'மேருவில் இன்று வரை ஓடியது. பை எடை கழியவில்லை. நேரில் பார்த்தேன்.' படத்தை வைத்து எண்ணை மறுபடி சரிபார்த்தேன். கடைசி எழுத்தில் சந்தேகம் வந்து இன்னொரு முறை. சேமித்ததும் என் பெயரும் இன்றைய தேதியும் தாமாக வந்து நின்றன.

டீ நேரம் முடிந்து குமுதா அக்கா சுவிட்சில் கை வைத்தார். இப்போது ஓட்ட வேண்டாம் என்றேன்.

"ஏன்மா?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.