ஜார்ஜியாவுக்கு ஒரு துண்டு

எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்பியே அறுபத்தேழு வயதுவரை காலம் தள்ளிவிட்டேன். ரயில்வேயில் இருந்தபோது தண்டவாளத்தில் மாடு படுத்தாலும் சரி, கேங்மேன் லீவு போட்டாலும் சரி, "வேதசிரோமணியைக் கூப்பிடு" என்பார்கள். அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. போன மாதம்தான் போயிற்று.

என் மருமகள் அபிகேல் அமெரிக்காவில் ஜார்ஜியாக்காரி. மகன் ஜேசன் அங்கே படிக்கப் போனவன், அவளைக் கட்டிக்கொண்டு, காட்டாங்குளத்தூரில் வாத்தியார் வேலை கிடைத்ததும் சிட்லபாக்கம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டான். நாங்கள் அவளை அபி என்போம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அபிராமி என்றே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் தமிழும் ஓரளவு பேசுகிறாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம்.

ஜார்ஜியாவில் அவள் அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் டெனிஸ்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறான். அபிக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிடந்ததால் விமானம் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நான் சும்மா இருப்பேனா? இன்னும் இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போனேன். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

அந்த அம்மாளுக்குக் காலையில் ஒரு மணி நேரம் நினைவு தெளிவாக இருக்கும். நமக்கு அது சாயங்காலம் ஆறரை. அந்த நேரத்தில் தினமும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் அவர், "நீ ஒரு தடவைகூட என் பெக்கன் பை செய்ததில்லையே அபி. உன் கையால் செய்து காட்டிவிடு, நிம்மதியாகப் போவேன்" என்றாராம். பெக்கன் அவர்கள் ஊர்க் கொட்டை. மைதா மாவைத் தட்டில் கிண்ணம்போல் பரப்பி, முட்டையும் பாகும் கொட்டையும் கலந்து ஊற்றிச் சுட்டெடுப்பார்கள். உள்ளே அல்வா மாதிரி தளதளவென்று இருக்க வேண்டுமாம்.

"மாமா, இது ஒண்ணு மட்டும் நான் சரியா செய்யணும்" என்றாள் அபி. வேறு எதுவும் அவளால் செய்ய முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் வழக்கமாக வாங்கும் ஜீவானந்தம் கடைக்குப் போனேன்.

"இன்னா சார், பெக்கனா? அப்டி ஒரு கொட்டை கீதா? நம்மகிட்ட முந்திரி கீது, வேர்க்கடலை கீது. எது வோணும்னு சொல்லு."

அபிக்குப் போன் போட்டேன். பெக்கன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முந்தின நாள் சாயங்காலமே அவள் தன் அம்மாவைக் கேட்டுவைத்திருந்தாள். "உங்கள் ஊரில் எது விளைகிறதோ அதைப் போடு, அதுதான் முறை" என்றாராம். நல்ல மனுஷி. முந்திரி அரைக் கிலோ, சோளப் பாகுக்குப் பதிலாக உருண்டை வெல்லம், வெண்ணெய், முட்டை என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு அபி மாவு பிசைந்தாள். தட்டில் பரப்பி ஓரத்தைக் கிள்ளி விட்டாள். அதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நான் சத்தம் போட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். "பாகை அத்தை பார்த்துக்குவாங்க. நீ உட்காரு" என்றேன். சொன்னவன் நான்தான்.

"அத்தை, வெல்லம் கரைஞ்சா போதும். கொதிக்க வேண்டாம்" என்றாள் அபி. என் மனைவி ரத்தினபாய் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, நாற்பது வருஷக் கை கேட்குமா? எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் பலகாரம் செய்தாலும் பாகுப் பதம் பார்க்க ரத்தினபாயைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வெல்லத்தைக் கரைத்தாள், வடிகட்டினாள், மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் விட்டாள்.

"பாகு தண்ணியா இருந்தா எப்படிங்க நிக்கும்? வெட்டும்போது வழிஞ்சிடும். அந்தம்மா முன்னாடி நம்ம புள்ளைக்கு அவமானம்" என்று என் காதில் சொன்னாள்.

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. கடலை உருண்டை பிடிக்க அதைவிட நல்ல பதம் கிடையாது. பெரிய மேனேஜர் நான், பக்கத்தில் நின்று "பலே" என்றேன்.

வெண்ணெய், முட்டை, முந்திரி எல்லாம் சேர்த்து, கூடத்தில் கண் மூடிச் சாய்ந்திருந்த அபியை எழுப்பாமல் நாங்களே ஊற்றி ஓவனில் வைத்தோம். ஐந்தரைக்கு எடுத்தபோது பொன்னிறமாக மின்னியது. வாசனை தெருவரை போயிருக்கும். அபி அதைப் பார்த்துவிட்டு ரத்தினபாயைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆறரைக்கு டெனிஸ் கூப்பிட்டான். அந்த அம்மாள் தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகத்தில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். அபி தட்டைத் தூக்கிக் காட்டியதும் அந்தக் கண்களுக்கு உயிர் வந்தது.

"வெட்டு. உள்ளே எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றார்.

அபி தட்டை மேசையில் இறக்கிக் கத்தியை வைத்தாள். போனில் இப்போது அவள் முகம் மட்டும்தான் தெரியும். கத்தி வழுக்கியது. மறுபடி அழுத்தினாள், கீறல்தான் விழுந்தது. ரத்தினபாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அபி எழுந்து நின்று உடம்பைக் கொடுத்து அழுத்தினாள். ஓரம் படாரென்று உடைந்து ஒரு சில்லு தரையில் போய் விழுந்தது.

நான் போனில் தெரியாதபடி குனிந்து, "நல்லா இருக்குன்னு சொல்லிடும்மா. அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது?" என்றேன்.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். பல்லில் படாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, "அப்படியே உங்கள் கைப்பக்குவம், மம்மா" என்றாள்.

அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். எப்படிச் சமாளித்தோம் பார்த்தாயா என்று நான் ரத்தினபாயைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் அந்த நிமிஷத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்படியானால் எனக்கு ஒரு துண்டு எடுத்துவை. நாளைக்கு வரும்போது கொண்டு வருவாய்தானே?" என்றார் அவர்.

அபி திரும்பி என்னைப் பார்த்தாள். நினைவு தடுமாறி, மகள் பக்கத்து ஊரில் இருப்பதாக அந்த அம்மாள் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"கொண்டு வருகிறேன் மம்மா" என்றாள் அபி.

போன் அணைந்ததும் ரத்தினபாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவி நான், பதம் பாத்துட்டேனே" என்றாள். அபி அவள் கையைப் பிடித்து, "அம்மா சந்தோஷமா இருந்தாங்க அத்தை, அது போதும்" என்றாள். நானும் அது போதும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் டெனிஸ் வீடியோவில் வரவில்லை, வெறும் குரலில் கூப்பிட்டான். அபி எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா விடிந்ததிலிருந்து படுக்கமாட்டேன் என்கிறாள், அபி. சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறாள். வலி மருந்து கொடுக்கவும் விடவில்லை. தூங்கிவிட்டால் நீ வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாயாம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?"

அபி போனை என் பக்கம் நீட்டினாள். "மாமா, நான் என்ன சொல்லணும்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். போனைக் கையில் வாங்கினேன். அந்தப் பக்கம் டெனிஸ் காத்திருந்தான். அவனுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் மெல்லியதாகக் கேட்டது.

"யார் போனில்? அபியா? எதுவரை வந்துவிட்டாளாம்?"