தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சை கேட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். எந்தப் படிவத்தை நீட்டினாலும் கதவு எண், தெரு என்று எழுதி நிறுத்த மாட்டார். ‘தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சை கேட்’ என்று அடையாளமும் சேர்த்தால்தான் அவருக்குத் திருப்தி. எப்போதோ ஒரு பார்சல் தெருத் தெருவாக அலைந்துவிட்டுத் திரும்பிப் போனதிலிருந்து பிடித்த வியாதி அது.

அந்த வியாதிதான் இன்று அவரைத் தேர்தல் அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. மணி இரண்டேகால்.

அவர் மனைவி நர்ஸ். நகரசபைத் தேர்தலில் நிற்கிறாள். கல்குவாரியை மூட வைப்பேன் என்று மைக்கில் சொன்ன நாளிலிருந்து மிரட்டல். போன தேர்தலில் அதையே சொன்னவர் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட மிஞ்சவில்லை. அதனால் அவள் விவரமாக முன்கூட்டியே மனுப் போட்டு, வீட்டு முகவரியை மறைக்க உத்தரவு வாங்கியிருந்தாள். அலுவலகமும் வேட்புமனுவில் அவள் முகவரிமேல் கறுப்புப் பட்டை போட்டுத்தான் இணையத்தில் ஏற்றியது.

வேட்புமனுவுக்குக் கடைசி நாளில் முன்மொழிய வேண்டியவர் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டார். “நான் இருக்கேன்ல” என்று மார்தட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் நம் மெக்கானிக். முன்மொழிபவர் முகவரி என்ற கட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, பச்சை கேட் எல்லாம் முத்து முத்தாக எழுதினார். கறுப்புப் பட்டைக்கு நான்கு விரல் கீழே அது அப்படியே உலகத்துக்குத் தெரிந்தது.

இன்று மதியம் அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. பச்சை கேட்தான். அதன் கீழே, ‘பொண்ணு நாலு மணிக்குத் தனியா வருது போல’ என்று ஒரு வரி. மகளுக்குப் பன்னிரண்டு வயது. காவல் நிலையத்துக்கு ஓடினார். “ஏதாவது நடந்தா வாங்க” என்று அனுப்பி வைத்தார்கள். மனைவியைப் பதினொரு தடவை கூப்பிட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் அவள் போன் லாக்கரில் கிடக்கும்.

“என் அட்ரஸையும் மறைச்சிடுங்க மேடம். ரெண்டும் ஒரே வீடுதான்.”

“வேட்பாளர் அட்ரஸுக்குத்தான் சார் உத்தரவு. முன்மொழிஞ்சவர் யாருன்னு எல்லாருக்கும் தெரியணும், அதான் ரூல்.” எழுத்தர் பெண்ணின் குரலில் கடுமை இல்லை. அதுவே அவரை இன்னும் நோகடித்தது.

“வேற வழியே இல்லையா?”

“வாபஸ் வாங்கினா பேப்பர் மொத்தத்தையும் நெட்லேருந்து எடுத்துடுவோம். அவங்க கையெழுத்து இருந்தா, முன்மொழிஞ்ச நீங்களே குடுக்கலாம். அதுக்கு இன்னிக்கு மூணு மணிதான் கடைசி.”

இன்றைக்குப் பள்ளி வாசலில் போய் நின்று மகளைக் கூட்டி வந்துவிடலாம். நாளைக்கு? தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறதே. பையில் மனைவி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுத்தாள் இரண்டு இருந்தன. ‘எனக்கு டூட்டி. ஏதாவது திருத்தம் கேட்டா நீங்களே எழுதிக் குடுத்துடுங்க’ என்று நம்பிக் கொடுத்தவை. அவற்றை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பன்னிரண்டாவது தடவையும் போன் அடித்து ஓய்ந்தது.

இரண்டு ஐம்பதுக்கு, அவள் கையெழுத்துக்கு மேலே, போட்டியிலிருந்து விலகுவதாக எழுதினார். தாளைக் கொண்டுவந்தவரின் முகவரியை எழுத்தர் கேட்டபோது கதவு எண்ணும் தெருவும் மட்டும் எழுதினார். எழுத்தர் முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

“இதைத் திரும்ப வாங்க முடியாது சார். எங்க பக்கத்துலேருந்து இப்பவே எடுத்துடறேன். ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்கறவங்க போன்ல இருந்து எடுக்க என்னால ஆகாது.”

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். பள்ளிக்குப் போகலாம் என்று அவர் படி இறங்கும்போது போன் அடித்தது.

“ஏங்க, பன்னெண்டு தடவையா கூப்பிடுவாங்க? உங்களுக்கும் அந்த போட்டோ வந்துடுச்சா?”

“உனக்கும் வந்துச்சா?”

“காலையிலயே வந்துச்சு. பர்மிஷன் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போய் அவளைக் கூட்டிட்டுப் போயி எங்க அக்கா வீட்டுல விட்டுட்டேன். எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அங்கதான். ஸ்கூல்லயும் சொல்லியாச்சு. நாமளும் இன்னிக்கு அங்க போயிடலாம்.”

அவர் கையிலிருந்த ரசீதைப் பார்த்தார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க பதறிப் போய் ஏதாவது பண்ணி வைப்பீங்க. சாயங்காலம் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்.” அவள் சிரித்தாள். “ஆறு மணிக்குக் கூட்டம். முன்மொழிஞ்சவர் நீங்க, முன்வரிசையில இருக்கணும்.”

அவர் திரும்பிப் படியேறி ஓடி மூன்றாம் எண் ஜன்னலைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இன்னும் பலமாகத் தட்டினார்.

“என்னங்க அங்க சத்தம்?” என்றாள் போனில். “எங்க இருக்கீங்க?”